திரும்பி வந்த பிரேக் பேட்

அத்தியாயம் ஒன்பது

மூன்றாவது முறையாக அதே சக்கரத்தைக் கழற்றச் சொன்னதும் குண்டூசிக்கு அழுகையே வந்துவிட்டது.

“மேடம், இந்தச் சக்கரத்துக்கு இப்ப என்னை நல்லா அடையாளம் தெரியும். இன்னொரு தடவை தொட்டா, ‘வாங்க மச்சான், சௌக்கியமா’ன்னு கேக்கும்.”

“கேட்டா பதில் சொல்லு. கழட்டு.”

கார் நிறுத்தும் கூரையடியில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் மேடம் உட்கார்ந்திருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மற்றவர்களின் பொய்யைக் கண்டுபிடித்தே தலை நரைத்து, பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அந்த அலுவலகத்தின் ஒரே ஊழியன் குண்டூசி. உடம்பு ஒல்லி, வாய் கூர்மை, அதனால் வந்த பெயர். காலையிலிருந்து அவன் சட்டையெல்லாம் கிரீஸ், நகக்கண்ணெல்லாம் கரி. இவ்வளவு பாடுபட்டும் கையில் ஒரு துரும்பு அகப்படவில்லை என்பதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

எதிரே கைகட்டிக்கொண்டு தூக்கமில்லாத கண்களோடு நின்றவர்தான் குற்றவாளி. அதாவது, குற்றவாளி என்று அவருடைய மாமனார் சொல்கிறார். தொழில் பல் டாக்டர்.

விஷயம் இதுதான். மாமனார் நீச்சல் பயிற்சியாளர்; வீட்டுக்கு வெளியே எல்லோருக்கும் அவர் கோச். அவருடைய காரின் முன்சக்கர பிரேக் பேடுகள் தேய்ந்துபோய், பிரேக்கைத் தொட்டாலே கிறீச்சென்று அலறும். கோச் ஒரு போட்டிக்காகப் பிள்ளைகளோடு வெளியூர் போயிருந்த சனிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டிலேயே தன் கையால் புதுப் பேடுகளை மாட்டினார். தெருவில் ஓட்டியும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்த கோச், “யாரைக் கேட்டு என் வண்டில கை வெச்ச?” என்று வீடு அதிரக் கத்தினார். கத்தினாலும் திங்கட்கிழமை அதே வண்டியில்தான் நீச்சல் குளத்துக்குப் போய்த் திரும்பினார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்து, சரிவான வாசல் பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தார். பெடல் தரைவரைக்கும் போயிற்று, வண்டி நிற்கவில்லை. தூண் சாய்ந்து, கேட் பெயர்ந்து, கோச்சின் வலது மணிக்கட்டு உடைந்தது.

பிறகு வந்து பார்த்த மெக்கானிக் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். உள்ளே இருந்தவை தேய்ந்துபோன அதே பழைய பேடுகள். புதியவற்றைக் காணோம்.

திட்டிய கோபத்தில் மாப்பிள்ளை பேடை மாற்றி வைத்துத் தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தான் என்பது கோச்சின் கட்சி. இன்று சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும்; இல்லையென்றால் கொலை முயற்சி என்று போலீஸில் எழுதிக் கொடுப்பார். மாடிப்படியின் கீழே பல் டாக்டரின் பெட்டி தயாராக நின்றது. அவருடைய மனைவி, கோச்சின் சின்ன மகள், பெட்டியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேடத்துக்குப் போன் செய்திருந்தாள்.

“டாக்டர், முதல்லருந்து சொல்லுங்க” என்றார் மேடம்.

“எத்தனை தடவை மேடம்!” பல் டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நான் பல்லு பிடுங்கறவன். சொத்தைப் பல்லைப் பிடுங்கிட்டு, புதுப் பல்லு கட்டிட்டு, மறுநாள் அதைக் கழட்டிச் சொத்தையையே திரும்ப நட்டு வெப்பேனா? எந்தப் பைத்தியக்காரன் செய்வான்?”

“அந்தப் பைத்தியக்காரனைத்தான் நானும் தேடறேன். சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல இவன் செய்வான்.”

சொன்னார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கு, சக்கரத்தைக் கழற்று. உள்ளே இருக்கும் இரும்புத் தட்டைக் கவ்விக்கொண்டிருக்கிறதே, அந்தக் கவ்வியின் கீழ்ப் போல்ட்டை எடு, கவ்வியை மேலே தூக்கு. தட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு பேடுகள், உருவு. புதுப் பேடு தடிமனாக இருப்பதால் கவ்விக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளு. புதியதைச் செருகு, கவ்வியை இறக்கு, போல்ட்டை முடுக்கு. அடுத்த சக்கரத்துக்கும் இதே சேவை. நடுவில் பழைய பல் பிரஷ்ஷால் கவ்வியை இண்டு இடுக்கெல்லாம் தேய்த்ததையும் அவர் விட்டுவிடவில்லை.

“அவ்வளவுதானே? பிரேக் தயார்?”

“இல்ல, கடைசியா ஒண்ணு இருக்கு. டிரைவர் சீட்டுல உக்காந்து பெடலைத் திரும்பத் திரும்ப மிதிக்கணும். தள்ளி வெச்ச பிஸ்டன் முன்னாடி வந்து பேடைத் தொட்டாதான் பெடல் இறுகும். அதுவரைக்கும் மிதிச்சா தரைக்குத்தான் போகும்.”

“செவ்வாய்க்கிழமை போன மாதிரி.”

“ஆமா. புதுசைக் கழட்டிட்டுப் பழசைப் போட்ட ஆள், அதுக்கப்பறம் பெடலை மிதிக்கவே இல்ல.”

“தடியன் எழுந்து போன சீட்டுல ஒல்லி உக்காந்திருக்கான்” என்றது சக்கரத்துக்குப் பின்னாலிருந்து குண்டூசியின் குரல். “சுத்தி எவ்வளவு காலி இடம்! நான் பஸ்ல உக்காந்து பாத்திருக்கீங்கல்ல மேடம்? அதேதான்.”

“மிதிக்கணும்னு இந்த வீட்ல யாருக்குத் தெரியும் டாக்டர்?”

“எனக்கு மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

“பிரமாதம். கேஸை இவரே முடிச்சுக் குடுத்துட்டார். நான் கை கழுவிட்டு வரட்டுமா மேடம்?”

மேடம் எழுந்த வேகத்தில் வாளி உருண்டது. அதை இன்னொரு உதை விட்டார். அவருக்குக் கோபம் வந்தால் கையில் கிடைப்பதற்குத்தான் அடி விழும், அதனால் குண்டூசி சற்றுத் தள்ளியே உட்கார்ந்தான்.

“எங்கேயோ இடிக்குதுடா. ஆளைத் தீர்க்கணும்னா பிஸ்டனைத் தள்ளி விட்டாலே போதும். பேடை மாத்தவே வேண்டியதில்ல. இந்த ஆள் வேலை மெனக்கெட்டுப் பழசைத் தேடி எடுத்து ரெண்டு சக்கரத்துலயும் மாட்டியிருக்கான். அவனுக்கு வேண்டியது கோச்சோட உயிர் இல்ல. பழைய பேடுதான் வேணும்.”

“பழைய பேடு யாருக்கு வேணும்? பழைய இரும்புக் கடைக்காரனே மூஞ்சியைச் சுளிப்பான்.” குண்டூசி ஒரு பேடை உருவி வெளிச்சத்தில் திருப்பினான். “அட, இதுல சின்னப் பசங்க வேற கிறுக்கியிருக்காங்க.”

பேடின் இரும்பு முதுகில் வெள்ளையாக ஒரு கோடு. மற்றதையும் உருவினான். அதிலும் கோடு, அதே இடத்தில். ஊசியால் இழுத்த மாதிரி மெல்லிய கோடு.

“டாக்டர், இது நீங்க போட்டதா?”

“இல்லையே. நான் கழட்டி ஒரு ஷூ டப்பாவுல போட்டு வெச்சேன். அப்ப எதுவும் இல்ல.”

மேடம் கோட்டை விரலால் தடவி, விரலைப் பார்த்து, அந்தப் பேடை ஒரு காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “குண்டூசி, யோசிச்சு ஒரே ஒரு உருப்படியான பதில் சொல்லு. இந்தப் பழசுல இருக்கறது, ஆனா புதுசுல இல்லாதது என்ன?”

“என்ன இருக்கு? ஒரு மண்ணும் இல்ல. காது கிழியக் கத்தும். அவ்வளவுதான்.”

மேடம் அப்படியே நின்றார். பிறகு அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்காத குறையாக எழுப்பினார். “எதிர்வீட்டுக்கு வா.”

“கையாவது கழுவிக்கறேனே!”

“வந்து கழுவு.”

எதிர்வீட்டில் ஒரு வயலின் டீச்சர். உள்ளே யாரோ ஒரு மாணவி வயலினைக் கொடுமைப்படுத்திக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் டீச்சருக்கு, கோச்சின் கார் என்றதும் முகம் சிவந்துவிட்டது.

“அந்தச் சனியன் பிடிச்ச சத்தமா? எத்தனை மாசமா சொல்றேன், மாத்துங்க சார், மாத்துங்க சார்னு! ஆகட்டும்னு தலையாட்டுவார். மெக்கானிக் வீடு தேடி வந்தே கேட்டார், அவரையும் துரத்திட்டார். தினம் சாயங்காலம் தெருமுனை திரும்பறப்ப ஒரு அலறல். என் பிள்ளைங்க அதுக்குத்தான் சுருதி சேர்க்குதுங்க.”

“அலறின உடனே அந்த வீட்ல என்ன நடக்கும்?” என்றார் மேடம்.

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு விஷயத்தைக் கேட்டால் சொல்ல யாருக்குத்தான் கசக்கும்? குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தையல் மெஷின் நிக்கும். குடுகுடுன்னு ஒரு ஓட்டம் கேக்கும். பின்கதவு டமால்னு சாத்தும். அவர் வீட்டு முன்னாடி வர்றதுக்குள்ள எல்லாம் கப்சிப். அவரும் லேசுப்பட்டவர் இல்ல, வண்டியை நிறுத்திட்டு இறங்கவே மாட்டார். பாட்டு கூடக் கேக்க மாட்டார். சும்மா உக்காந்திருப்பார்.”

“திங்கட்கிழமை?”

“அன்னிக்குச் சத்தமே இல்ல, எனக்கு உயிர் வந்துச்சு. ஆனா மனுஷனுக்கு நெஞ்சுச் சளி போல, வண்டிக்குள்ள உக்காந்து அப்படி இருமினார். கார் கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். அதுக்கப்பறம்தான் பின்கதவு டமால்னுச்சு.”

தெருவைக் கடக்கும்போது குண்டூசி புலம்பினான். “இருமல் மருந்துக்கும் பிரேக் பேடுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? போன கேஸ்ல ஒரு ஆள் ஓடினான், நாம துரத்தினோம், எவ்வளவு நல்லா இருந்துச்சு! இங்க எல்லாரும் அவங்கவங்க வீட்ல உக்காந்தே நம்மள ஓட விடறாங்க.”

“பின்கதவு வழியா ஓடற ஒரு ஆள் இருக்கே.”

“யாரு?”

“அதைத் தெரிஞ்சுக்க, பின்கதவைத் திறந்து விடறது யாருன்னு பாத்தா போதும்.”

பல் டாக்டர் இன்னும் அதே இடத்தில், கழற்றிய சக்கரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேடம் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“சனிக்கிழமை இந்தக் கூரைக்கடியில வெளிச்சம் பத்தியிருக்காதே. டார்ச் யார் பிடிச்சாங்க?”

“அத்தைதான். பாவம், குனிஞ்சு நின்னு பிடிச்சாங்க. கழட்டின போல்ட்டை எல்லாம் வாங்கி வரிசையா வெச்சதும் அவங்கதான். இது எதுக்கு, அது எதுக்குன்னு கேட்டுட்டே இருந்தாங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்தக் கூடாது, ரெண்டு பக்கமும் சேத்துதான் மாத்தணும்னு கூட அவங்ககிட்ட சொன்னேன்.”

“கடைசி வரைக்கும் கூடவே இருந்தாங்களா?”

“ஆமா, கடைசி வரைக்கும்...” பல் டாக்டரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. “இல்ல. எல்லாம் முடுக்கின உடனே உள்ள போன் அடிச்சுது. டார்ச்சை வெச்சுட்டுப் போயிட்டாங்க. நான் பெடலை மிதிக்கறப்ப... அவங்க இல்ல.”

குண்டூசியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. அவன் கத்தவும் மறந்துவிட்டான். அந்த அம்மாள் பார்த்த வேலையெல்லாம் அப்படியே செய்யப்பட்டிருக்கிறது. பார்க்காத ஒரே வேலை மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

தையல் அறை வீட்டின் பின்பக்கம், பின்கதவை ஒட்டி இருந்தது. கோச்சின் மனைவி மெஷினில் ஒரு ஜன்னல் திரையை ஓட்டிக்கொண்டிருந்தார். கெட்டியான தோள், காய்ப்பேறிய விரல்கள். சின்ன மகள் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மேடம் மேஜைமேல் கிடந்த, துணியில் குறி போடும் தையல் சாக்பீஸை எடுத்தார். சோப்புச் சில்லு போல ஓரம் மெலிந்த வெள்ளைத் துண்டு. கைப்பையிலிருந்த பேடை எடுத்து, இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

மெஷின் நின்றது.

“எந்தப் பக்கம் உள்ள, எந்தப் பக்கம் வெளியன்னு தெரியணும்ல” என்றார் அந்த அம்மாள், யாரையும் பார்க்காமல். “கழட்டின புதுசைப் பாத்து, பழசுல குறி போட்டுக்கிட்டேன். துணிக்குப் போடற மாதிரி.”

“அத்தை!” என்றார் வாசலில் நின்ற பல் டாக்டர்.

“சத்தியமா எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. பெடலை மிதிக்கணும்னு நீங்க சொல்லவே இல்ல. நீங்க மிதிச்சப்ப நான் அங்க இல்ல. போன்ல பெரியவ இருந்தா.”

பெரியவள் என்றால் மூத்த மகள். தானே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று, இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்று கோச் விலக்கி வைத்த மகள். அவர் குளத்துக்குப் போன பிறகு தினம் வருவாள், அம்மாவோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவாள். தெருமுனையில் கார் கத்தியதும் பின்கதவு வழியாகப் போய்விடுவாள். திங்கட்கிழமை கார் கத்தவில்லை. கூரையடியில் இருமல் கேட்டபோது அவள் இதே அறையில் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். செருப்பைக்கூடக் கையில்தான் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“அன்னிக்கு மயிரிழைல தப்பிச்சோம்” என்றார் அம்மாள். “அந்தச் சத்தம் திரும்ப வந்தா போதும்னு நினைச்சேன். மறுநாள் காலைல இவர் நடக்கப் போயிருந்தார், நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டீங்க. ரெண்டு போல்ட்டுதானே, தையல் மெஷினைவிட லேசு.”

“அவரு கை உடைஞ்சு கிடக்கறப்ப சொல்லியிருக்கலாமே?” என்றார் மேடம்.

“சொன்னா ஏன் பண்ணேன்னு சொல்லணும். ஏன்னு சொன்னா, பெரியவ வர்றது அதோட நின்னு போகும். இவர் கோபம் அடங்கட்டும், அப்பறம் சொல்லலாம்னு...”

“என்னைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிருந்தா?” என்றார் பல் டாக்டர்.

“கண்டிப்பா சொல்லியிருப்பேன் மாப்பிள்ளை.”

“எப்ப? நான் கம்பிக்குள்ள போறதுக்கு முன்னாடியா, அப்பறமா?”

அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பல் டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் கத்தரிக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“உனக்கு?”

“அம்மா மாத்தினது தெரியாதுங்க. சத்தியமா தெரியாது.”

“அக்கா வர்றது?”

தெரியும் என்று அவள் தலையை அசைத்தாள்.

“சனிக்கிழமை நான் சக்கரத்தைக் கழட்டறப்ப, வேணாங்க, காரணம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“வேணாம்னு சொன்னேனே.”

“அப்பா திட்டுவார்னு சொன்ன. இதைச் சொல்லல. நான் இந்த வீட்டு ஆளா, இல்ல வாடகைக்கு இருக்கறவனா?”

அந்த நேரத்தில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது.

கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கோச் இறங்கினார். கைதான் உடைந்திருந்தது, தொண்டை நன்றாகத்தான் இருந்தது. “இன்னும் போகலையா அவன்? யாரு நீங்கள்லாம்? என் வண்டிச் சக்கரத்தை எவன் கழட்டிப் போட்டது?”

“நான்தான் சார்” என்றான் குண்டூசி. “இப்ப நாங்க ரொம்ப நெருக்கம்.”

கோச் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி முன்னால் வந்து நின்றார். “அவரைத் திட்டாதீங்க. பேடை மாத்தினது நான். பெரியவ இங்க வர்றா. நீங்க வர்ற சத்தம் கேட்டாதான் அவ போக முடியும். அதான் மாத்தினேன்.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடி வாங்கப் போகிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லோரும் இடி விழும் என்று காத்திருந்தார்கள். விழவில்லை. கோச் உடைந்த தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், எனக்கு ஒரு சந்தேகம்” என்றார் மேடம். “உங்க வண்டியைக் காலைலருந்து பாக்கறேன். என்ஜினுக்குள்ள ஒரு தூசி இல்ல, ஆயில் புதுசு, டயருக்குக் காத்து கச்சிதம். இப்படி வண்டி வெச்சிருக்கறவர், பிரேக் பேடை மட்டும் தெரு முழுக்கத் திட்டற அளவுக்குத் தேய விடுவாரா? மெக்கானிக் வீடு தேடி வந்தும் துரத்துவாரா? வண்டியை நிறுத்திட்டு, பின்கதவு சாத்தற வரைக்கும் உள்ளயே உக்காந்திருப்பாரா?”

அம்மாள் கண்ணைத் திறந்தார்.

“திங்கட்கிழமை பிரேக் கத்தல. அதனால நீங்க இருமினீங்க.”

“எவ்வளவு இருமறது?” கோச்சின் குரல் உடைந்து வந்தது. “கதவை வேற ரெண்டு தடவை சாத்தினேன். உள்ள ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சுட்டே இருக்காங்க, முதல்ல ஒருத்தி காதுலயும் விழல.”

“உங்களுக்குத் தெரியுமா?” என்றார் அவர் மனைவி. கேள்வி காற்றாகத்தான் வந்தது. “எப்பலருந்து?”

“அவ வந்த முதல் நாளே தெரியும். அவ தலைக்கு வெக்கற எண்ணெய் வாசனை எனக்குத் தெரியாதா?”

“சும்மா ஹாரன் அடிச்சிருக்கலாமே சார்!” என்று குண்டூசி தாங்க முடியாமல் கேட்டுவிட்டான்.

கோச் அவனை முறைத்தார். “ஹாரன் அடிச்சா, எனக்குத் தெரியும்னு ஆயிடாதா?”

இந்த இடத்தில்தான் பல் டாக்டருக்கு வெடித்தது. இத்தனை நேரம் குனிந்து நின்ற மனிதரா இவர் என்று குண்டூசியே பின்வாங்கினான்.

“எல்லாருக்கும் தெரியும்! மாமாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். எதிர்வீட்டு டீச்சருக்குக் கூடப் பாதி தெரியும். ஒருத்தரும் ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்க மாட்டீங்க. வீட்டுக்கு வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பதிலா, பிரேக் இல்லாத வண்டில ஊரைச் சுத்துவீங்க. நடுவுல கொலைகாரன் பட்டம் எனக்கு! நான் என்ன பண்ணேன்? உங்க வண்டி நிக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதானே பண்ணேன்?”

அவர் விறுவிறுவென்று உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பெயர்ந்து கிடந்த கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.

“போலீசுக்குச் சொல்ல மாட்டேன்” என்றார் கோச், பின்னாலிருந்து. “நீங்க இங்கயே இருக்கலாம்.”

“இருக்கச் சொன்னதுக்கு நன்றி மாமா” என்றார் பல் டாக்டர், நிற்காமல்.

சின்ன மகள் கையிலிருந்த கத்தரிக்கோலை அம்மாவிடம் கொடுத்தாள். “நானும் போறேன்மா” என்று சொல்லிவிட்டு, மாற்றுப் புடவைகூட எடுக்காமல் புருஷன் பின்னால் நடந்தாள்.

அவள் போனதுதான் கோச்சை உலுக்கிவிட்டது. ஒரு மகளைத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தித் துரத்தினார். இன்னொருத்தி சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள். அவர் செருப்பில்லாத காலோடு தெருவுக்கு ஓடினார். வயலின் நின்றது, எதிர்வீட்டு ஜன்னலில் டீச்சரும் மாணவியும் தெரிந்தார்கள்.

“மாப்பிள்ளை, நில்லுங்க. தப்பு என்னோடது. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சு உள்ள வாங்க.”

பல் டாக்டர் நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“என்னைக் கூப்பிடறதுக்குத் தெருவுக்கு ஓடி வந்தீங்க. இதே மாதிரி உங்க பெரிய பொண்ணையும் கூப்பிடுங்க. இப்பவே, எங்க முன்னாடியே. நான் இங்கயே நிக்கறேன்.”

கோச் இடது கையால் சட்டைப் பையைத் துழாவிப் போனை எடுத்தார். எடுத்தவர் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “அவ நம்பர் என்கிட்ட இல்ல” என்றார். சின்ன மகள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, எண்களை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து அவரிடமே நீட்டினாள்.

மணி அடித்தது. எடுத்தாள்.

“நான்... அப்பா பேசறேன்ம்மா.”

மறுமுனையிலிருந்து ஒரு பதறிய குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“அம்மாவுக்கு என்னாச்சு?”

கோச் போனைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. கேட் இருந்த இடத்தில் நின்றிருந்த அவர் மனைவிதான் கையில் கத்தரிக்கோலோடு தெருவில் இறங்கி வந்து, போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“எனக்கு ஒண்ணும் இல்லடி. அப்பா உன்னை வீட்டுக்குக் கூப்பிடறார். அழுறார், அதான் பேச வரல.”